மருந்து பட்ட குரோமோசோம்கள்

எங்கள் லேபுக்கு ரத்தம், அது உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள பச்சை மூடி டியூபில் வரும். மேலே பெயர் இருக்காது, குறியீட்டு எண் மட்டும்தான். கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை, எடுப்பவர் ரத்தமா, எடுக்காதவர் ரத்தமா என்று, சேதத்தை எண்ணி முடிக்கும்வரை எங்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் கண் தானாகவே சேதத்தைத் தேட ஆரம்பித்துவிடும்.

புற்றுநோய் மருந்துகள் நல்ல ரத்த செல்களின் குரோமோசோம்களில், அதாவது டி.என்.ஏ. சுருண்டிருக்கும் இழைகளில், என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. ரத்தத்தில் ஓடும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் பிரியாமல் சும்மா இருப்பவை. ராஜ்மாவிலிருந்து எடுக்கும் பி.எச்.ஏ. என்ற புரதத்தைச் சேர்த்து 37 டிகிரியில் வைத்தால் விழித்துப் பிரியத் தொடங்கும். 48 மணி நேரத்தை ஒட்டி எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் செல்கள் அடுத்த சுற்றுக்குப் போய்விடும். மோசமாக அடிபட்டவற்றில் பல அதற்குள் செத்திருக்கும். செல்களை எடுப்பதற்குச் சற்று முன்னால் கோல்ச்சிசின் என்ற பொருளைச் சேர்ப்போம். நம் செங்காந்தள் விதையில் இருப்பதும் இதுதான். மூலனூர்ப் பக்கம் அந்த விதைக்காகவே கொடியைப் பயிர் செய்கிறார்கள். பிரியப்போகும் செல்லை அது பாதியில் நிறுத்திவிடும். அப்போதுதான் குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரியும்.

சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்து டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் பசை பட்ட தாள்களைப் போல ஒட்டிவிடுகிறது. சும்மா இருக்கும் செல்லில் அது வெளியே தெரியாது. செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கப் போகும்போது ஒட்டிய இடத்தில் சிக்கி முறிகிறது. முறிந்த முனைகள் சில சமயம் வேறொரு குரோமோசோமுடன் தவறாகச் சேர்ந்துகொள்கின்றன. ஜீம்சா சாயத்தின் ஊதா நிறத்தில், இரண்டு குரோமோசோம்கள் பின்னிக்கொண்டு நான்கு கைகளாக விரிந்து கிடப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது.

இதே சேதம்தான் புற்று செல்லையும் கொல்கிறது. கீமோ முடிந்து சில வருடங்களில் சிலருக்கு ரத்தப் புற்று வருவதுண்டு, 5ஆம், 7ஆம் குரோமோசோம்களில் இழப்போடு. ஆனால் அது அபூர்வம். அதைக் காட்டி யாரிடமும் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நோயாளிக்கு இந்த விலைக்கு உயிர் கிடைக்கிறது.

மருந்தைக் கலக்கும் சிஸ்டருக்கு என்ன கிடைக்கிறது? 1979இலேயே பின்லாந்தில், இந்த மருந்துகளைக் கையாண்ட நர்ஸுகளின் சிறுநீரில் மரபணுவை மாற்றும் பொருட்கள் இருப்பதைக் காட்டிவிட்டார்கள். அப்புறமும் ஓர் ஆஸ்பத்திரியில், வார்டு மேஜையில் ஒற்றைக் கையுறையோடு ஊசியில் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்த சிஸ்டரைப் பார்த்தேன். “பழகிப்போச்சு மேடம்” என்றார். எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை. மருந்து வெளியே பரவாமல் தடுக்கும் பாதுகாப்புக் கேபினெட் இல்லாமல் அந்த வேலையைக் கொடுத்த நிர்வாகத்தின்மேல்.

ஒரு நர்ஸின் ஸ்லைடில் இரண்டு முறிவு இருப்பதால் அவருக்குப் புற்றுநோய் வரும் என்று சொல்ல முடியாது. புகை, கதிர்வீச்சு, வயது எல்லாமே முறிவைக் கூட்டும். ஆனால் சேதம் தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கேபினெட், இரட்டைக் கையுறை, நீர் புகாத கவுன், இதெல்லாம் கேட்டுப் பெற வேண்டியவை.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கீமோ போட்டுக்கொண்டவரின் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து வெளியேறும். பொதுவாக 48 மணி நேரம், சில மருந்துகளுக்கு இன்னும் கூடுதலாக, அதைச் சுத்தம் செய்பவர் கையுறை போட வேண்டும். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யவேண்டாம்.