இந்தப் பிடிஎஃப் எங்கிருந்து வந்தது?

சாட்ஜிபிடி போன்ற ஏஐ-களுக்கு அடிப்படையான மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்கத் தமிழ்த் தரவு சேர்க்கும் வேலை எனக்கு. பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து, ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்) ஓட்டி, பிழை திருத்தி ஒப்படைப்போம். எங்கள் எக்செல் ஷீட்டில் ‘மூலம்’ என்றொரு கட்டம் உண்டு. முன்பெல்லாம் அதில் ‘இணையம்’ என்று போட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

2025-இல் அது மாறியது. ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்தின் மீது எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில் அமெரிக்க நீதிபதி வில்லியம் ஆல்ஸப், காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை ஸ்கேன் செய்து பயிற்சிக்குப் பயன்படுத்தியது ‘நியாயமான பயன்பாடு’, அதாவது அனுமதி கேட்கத் தேவையில்லாதது, என்றார். திருட்டுத் தளங்களில் இறக்கிச் சேர்த்துவைத்த பிரதிகளுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. செப்டம்பரில் 150 கோடி டாலருக்குச் சமரசம். புத்தகத்துக்குச் சுமார் 3,000 டாலர். அப்புறம்தான் எங்கள் சட்டப் பிரிவு விழித்துக்கொண்டது. “சார், இந்தப் பிடிஎஃப் எங்கேருந்து வந்துச்சு?”

சரியான கேள்விதான், ஆனால் அதோடு முடிவதில்லை. 200 ரூபாய்ப் புத்தகத்தை ஒரு பிரதி வாங்கினால், பத்து சதவீத ராயல்டியில் எழுத்தாளருக்குப் போவது 20 ரூபாய். அதைக் கொடுத்துவிட்டு ‘முறையாக வாங்கினோம்’ என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தவிர, அமெரிக்கத் தீர்ப்பு இங்கே செல்லாது. நமது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதிவிலக்குகளைப் பட்டியல் போட்டுச் சொல்கிறது. ஏஐ பயிற்சி என்று அதில் எங்கும் இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ மீது ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கும் இதைச் சுற்றித்தான்.

நாட்டுடைமை நூல் என்றால் தொல்லை இல்லை என்று புதிதாகச் சேர்பவர்கள் நினைப்பார்கள். பாரதியின் எழுத்து 1949-லேயே நாட்டுடைமை ஆகிவிட்டது, சரி. கையில் கிடைக்கும் பதிப்பிலோ பதிப்பாசிரியரின் நீண்ட முன்னுரையும் அடிக்குறிப்புகளும் இருக்கும், அவை அவருடையவை. அவற்றை நீக்கலாம் என்று பார்த்தால், ஓசிஆர் அடிக்குறிப்பைக் கொண்டுபோய்ப் பாட்டின் நடுவில் ஒட்டியிருக்கும். மொழிபெயர்ப்பு இதைவிடப் பாடு. ரஷ்ய நாவலாசிரியர் இறந்து நூறாண்டு ஆகியிருந்தாலும் போதாது, தமிழாக்கியவர் இறந்தும் 60 ஆண்டு கழிந்திருக்க வேண்டும். அவர் இறந்த ஆண்டைத் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

சரி, அனுமதி கேட்டே வாங்கிவிடலாம் என்று சிறு பதிப்பாளர்களிடம் போனால், ஆசிரியரோடு ஒப்பந்தம் எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஆசிரியர் காலமாகியிருந்தால் கையெழுத்துப் போட வேண்டியது மகனா, மருமகளா என்று அவர்களுக்கே தெரிவதில்லை. இப்போதைக்கு அந்தப் புத்தகங்களுக்கு நேராக ‘நிலுவை’ என்று போட்டு வைக்கிறேன்.