சொல்தா தாத்தாவும் ஜூலை 14ம்

புதுச்சேரில எங்க தெருவுல சொல்தா தாத்தா வீடுன்னு கேட்டா சின்னப் புள்ளைங்ககூட கை காட்டும். சொல்தான்னா பிரெஞ்சுல சிப்பாய். வியட்நாம் பக்கம் இந்தோசீனாவுல பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு வந்து பான்சியோன், அதான் பென்ஷன், வாங்கிட்டு இருந்தாரு. ஜூலை பொறந்தாச்சுன்னா டிரங்குப் பெட்டிலேர்ந்து மெடலெல்லாம் எடுத்து திண்ணைல உக்காந்து தேய்க்க ஆரம்பிச்சிடுவாரு, நாங்க பசங்க சுத்தி உக்காந்துக்குவோம். ஜூலை 14தான் பிரான்சோட தேசிய நாள். 1789ல அதே தேதில பாரீஸ் ஜனங்க பஸ்தீல் சிறைக்கோட்டைய புடிச்ச கதைய எனக்கு மொதல்ல சொன்னது அவர்தான், ஹிஸ்டரி புக்குல வந்ததெல்லாம் அப்புறம்தான்.

பிரெஞ்சுக்காரங்ககிட்ட இருந்த புதுச்சேரி 1954 நவம்பர் 1ல இந்தியா கைக்கு வந்துச்சு, 1962 ஆகஸ்ட் 16ல சட்டப்படியும் சேந்துச்சு, ஆனா ஜூலை 14 கொண்டாட்டம் மட்டும் நிக்கல. ஏன்னா பிரெஞ்சு குடியுரிமைய வச்சுக்கிட்ட குடும்பங்க நம்ம கூடவேதான் இருந்தாங்க. வெளியூர்க்காரங்க இன்னமும் இத வெள்ளக்காரன் விழான்னு சொல்றப்ப எனக்குக் கோவமே வரும், வேட்டி கட்டி மேல கோட்டு போட்டு மெடல் குத்திக்கிட்டு நின்னவங்க எல்லாம் நம்ம தாத்தாக்கள்தானே!

13ம் தேதி ராத்திரி பேண்டு வாத்தியத்தோட லாந்தர் ஊர்வலம். காகித லாந்தருக்குள்ள மெழுகுவத்தி, கடல் காத்து அடிச்சா டக்குனு அணையும், உடனே பக்கத்துல வர்றவங்ககிட்ட பத்த வச்சுக்கிட்டு ஓடணும். மொத வருஷம் நான் ஓரமா நின்னு வேடிக்கைதான் பாத்தேன், "எங்க வீட்டுல நேஷனாலிட்டி இல்லையே தாத்தா"ன்னேன், "லாந்தர் புடிக்க எதுக்குடா பாஸ்போர்ட், நட"ன்னு கையில குடுத்துட்டாரு. சட்டையெல்லாம் மெழுகு, அம்மாகிட்ட செம திட்டு.

மறுநாள் காலைல பீச் ரோடு போர் நினைவுச்சின்னத்துல மாலை வைப்பாங்க. முதல் உலகப்போர்ல செத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938ல திறந்தது அது. ரெண்டு கொடியும் இருக்கும், ரெண்டு தேசிய கீதமும் பாடுவாங்க. தாத்தாவுக்கு முட்டி வலி, ஆனாலும் ரெண்டுக்கும் ஒரே மாதிரி வெறைப்பா சல்யூட்ல நிப்பாரு.

இப்ப பாரீஸ் பக்கம் வந்து இத்தன வருஷமாச்சு, ஷான்ஸ் எலிசே சாலைல டாங்கி அணிவகுப்பு, தலைக்கு மேல விமானம்னு பிரமாதமாதான் நடக்குது, பசங்களையும் கூட்டிட்டுப் போவேன். ஆனா பிரெஞ்சு தேசிய கீதம் மார்செய்யேஸ் முடிஞ்சதும் எல்லாரும் கலைய ஆரம்பிப்பாங்க, நான் மட்டும் அப்பவும் ஜன கண மனவுக்கு நின்னுக்கிட்டே இருப்பேன்.