ஆண்டு மலர்க் குழு: முதலில் பெயர், பிறகுதான் கவிதை

பள்ளி ஆண்டு மலருக்காக ஜூலையில் "மேகசின் கமிட்டிக்கு யாரெல்லாம் வர்றீங்க?" என்று கேட்டால் கவிதை எழுதுகிறவர்களும் படம் வரைகிறவர்களும் முதலில் கை தூக்குவார்கள். அவர்களும் வேண்டும்தான். ஆனால் மலர் கைக்கு வந்ததும் எந்தப் பிள்ளையும் கவிதைப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. தன் வகுப்புப் படத்தைத் தேடும், அதில் தன் முகத்தைத் தேடும், பிறகு கீழே தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். வீட்டில் பாட்டி பார்ப்பதும் அதைத்தான். அதனால் பெயர்ப் பட்டியலை வரி வரியாகப் பார்க்கப் பொறுமை உள்ள இரண்டு பேரை முதலில் பிடியுங்கள்.

குழுவுக்கு 9-ஆம், 11-ஆம் வகுப்பு மாணவர்கள் பொருத்தம். 10, 12-ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு இருப்பதால் அரையாண்டுக்குப் பிறகு அவர்களைக் கூப்பிடவே முடியாது. 30 பிரிவுகள் உள்ள பள்ளிக்கு எட்டு முதல் பத்துப் பேர் போதும். இருபது பேர் இருந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவர் செய்திருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். பெயருக்கு இருவர், படத்துக்கு இருவர், படைப்புகளுக்கு மூவர், லேஅவுட்டுக்கு (பக்க வடிவமைப்புக்கு) இருவர், அச்சகத்தோடு பேச ஒருவர். அவருடன் பொறுப்பாசிரியர் கட்டாயம் இருக்க வேண்டும்.

பெயர் விஷயத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது? சென்னையில் பல பள்ளிகளில் மாணவர் பட்டியல் ஆங்கிலத்தில், எக்செல் கோப்பாகத்தான் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் குறில் நெடில் தெரியாது. ல, ள, ழ வேறுபாடும் தெரியாது. அதை அப்படியே தமிழுக்கு மாற்றினால் பாலா 'பலா' ஆகிவிடுவார், வள்ளி 'வல்லி' ஆகிவிடுவார், தாரணியும் தரணியும் ஒரே ஆளாகிவிடுவார்கள். முதலெழுத்திலும் சிக்கல் உண்டு. அப்பா பெயர் குமார் என்றால் ஒரு வீட்டில் 'கே.' என்று போடுவார்கள், இன்னொரு வீட்டில் 'கு.' என்று போடுவார்கள். இதை யூகிக்கக் கூடாது. வகுப்புவாரியாகத் தமிழ்ப் பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு மாணவரும் தன் பெயருக்கு நேரே திருத்தி கையெழுத்துப் போடும்படி செய்யுங்கள். ஐந்தாம் வகுப்பு வரை பட்டியலை வெட்டி டைரியில் ஒட்டி அனுப்பினால் பெற்றோர் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். இதற்கு இரண்டு வாரம் ஆகும். ஆகட்டும். பின்னால் வரும் எல்லாப் பக்கங்களுக்கும் பெயரை இந்தப் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்ட வேண்டும்; யாரும் புதிதாகத் தட்டச்சு செய்யக் கூடாது.

வகுப்புப் படங்களை ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மைதானம் எப்போது காயும் என்று யாராலும் சொல்ல முடியாது. காலை எட்டிலிருந்து ஒன்பதரைக்குள், கட்டடத்தின் நிழல் விழும் பக்கம் நிறுத்தி எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும், பாதிப் பேர் கண்ணைச் சுருக்கியிருப்பார்கள்.

படம் எடுத்த கையோடு, வரிசை கலைவதற்கு முன், ஒருவர் பட்டியலோடு போய் நிற்கும் வரிசைப்படி பெயர் எழுத வேண்டும். 'இடமிருந்து வலம்' என்பது படத்தைப் பார்க்கிறவரின் இடது. வரிசையில் நிற்கும் பிள்ளையைக் கேட்டால் தன் இடது கையைக் காட்டும். எழுதுகிறவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தன் இடப்பக்கத்திலிருந்து தொடங்கினால் குழப்பம் இல்லை. பிறகு ஒவ்வொரு வரிசையிலும் தலைகளை எண்ணுங்கள், பெயர்களை எண்ணுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு பெயர் விட்டுப்போனால் தப்பு அந்த ஒருவரோடு நிற்காது, அவருக்கு அடுத்து நிற்கிற எல்லோருக்கும் பக்கத்து ஆளின் பெயர் போய்விடும். அன்று வராதவர்களின் பெயரை 'படத்தில் இல்லாதவர்கள்' என்று கீழே தனியாகப் போடுங்கள். தலையை மட்டும் வெட்டி மூலையில் ஒட்டுவது பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

ஒரு பக்கத்தில் எத்தனை வகுப்புப் படம் வைக்கலாம்? 40 பேர், நான்கு வரிசை, வரிசைக்குப் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ4 பக்கத்தில் இரண்டு படம் என்றால் 18 செ.மீ. அகலம் கிடைக்கும், ஒரு முகம் ஏறக்குறைய 8 மி.மீ. வரும். பக்கம் மிச்சம் பிடிக்க மூன்று படம் போட்டால், பெயர்களுக்கும் இடம் விட்ட பிறகு படத்தின் அகலம் 10 செ.மீ. அளவுக்குக் குறைந்து முகம் 4, 5 மி.மீ. ஆகிவிடும். அடையாளமே தெரியாது. 30 பிரிவுக்கு 15 பக்கம் என்பதில் கை வைக்காதீர்கள். வாழ்த்துச் செய்திகளில் குறைத்துக்கொள்ளலாம்.

படக் கோப்பு எப்படி வருகிறது என்பதையும் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும், 18 செ.மீ. படத்துக்கு 2126 பிக்சல். 1600 பிக்சல் படம் 13.5 செ.மீ. வரைதான் தாங்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள். அந்த டிரைவ் 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று திறந்து கிடக்கக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்கள் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. பிறந்த தேதி, வீட்டு முகவரி, கைபேசி எண் மலரில் எங்கும் வர வேண்டாம்.

படைப்புகளுக்குக் கடைசி நாள் காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முந்தைய நாள். கைப்பட எழுதிய முதல் படி இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். இணையத்திலிருந்து எடுத்தது பெரும்பாலும் அங்கேயே மாட்டும். இப்போது செயலியிடம் எழுதி வாங்குவதும் நடக்கிறது. எழுதியவரை அழைத்து "இந்த மூணாவது பத்தியில என்ன சொல்ல வர்ற?" என்று கேட்டாலே தெரிந்துவிடும். ஓவியங்களைக் கைபேசியில் படம் பிடிக்காமல் ஸ்கேனரில் 300 டிபிஐ-யில் எடுங்கள். பென்சில் கோடு அச்சில் வெளிறிவிடும், மையால் ஒரு முறை மேலே ஓட்டச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் நடுவே ஒரு கணக்குத் தாள் ஓட வேண்டும். மாணவர் பெயர், எந்தெந்தப் பக்கத்தில் வருகிறார், அவ்வளவுதான். பாதி லேஅவுட் முடிந்ததும் எடுத்துப் பார்த்தால் விளையாட்டு, நடனம், பேச்சுப்போட்டி என்று அதே இருபது முகம் எட்டுப் பக்கத்தில் இருக்கும். வகுப்புப் படத்தைத் தவிர வேறெங்கும் வராதவர்களை அப்போதே தேடிச் சேர்த்தால்தான் உண்டு.

லேஅவுட்டில் அதிகம் படுத்துவது தமிழ் எழுத்துருதான். ஒரு ஆசிரியர் பாமினியில் தட்டச்சு செய்திருப்பார், மாணவர் யூனிகோடில், அலுவலகத்தில் வானவில்லில். பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். எல்லாவற்றையும் முதலிலேயே யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதும் வடமொழி எழுத்துகளையும் 'ஔ' வரும் இடங்களையும் கண்ணால் பாருங்கள். கால் போட வேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கும். பார்க்க ஒன்றுபோல இருப்பதால் எளிதில் சிக்காது. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பை 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்று மாற்றாவிட்டால் கொம்பும் எழுத்தும் பிரிந்து நிற்கும். பழைய பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது.

தமிழ்ச் சொற்கள் நீளம். ஏ4-இல் மூன்று நெடுவரிசையாகப் பிரித்து இருபுறமும் சமப்படுத்தினால் ஒரு வரியில் இரண்டே சொல் நின்று நடுவில் வெற்றிடம் வாய்க்கால்போல் ஓடும். இரண்டு நெடுவரிசை, இடப்பக்கம் மட்டும் சீர், 11 புள்ளி (பாயின்ட்) எழுத்துக்கு 16 புள்ளி வரி இடைவெளி என்றால் படிக்க இதமாக இருக்கும்; 13 வைத்தால் மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'கீ'யில் இடிக்கும். மேடை விளக்கின் நீலமும் ஊதாவும் திரையில் ஜொலிக்கும். அச்சின் நான்கு வண்ணத்துக்கு மாறியதும் மங்கிவிடும். படத்தை முன்கூட்டியே சிஎம்ஒய்கே என்ற அந்த நான்கு வண்ண முறைக்கு மாற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஓரம்வரை போகும் படத்துக்கு 3 மி.மீ. கூடுதல் விடுங்கள், இல்லையென்றால் கட்டிங்கில் வெள்ளைக் கோடு தெரியும்.

ப்ரூஃபை, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதியை, ஒருவராகப் பார்க்காதீர்கள். ஒருவர் பட்டியலிலிருந்து உரக்கப் படிக்க, மற்றவர் ப்ரூஃபில் டிக் போட வேண்டும். பெரிய தலைப்புகளை விரலால் தொட்டுப் படியுங்கள். தப்பு தங்குவது அங்கேதான், அவ்வளவு பெரிய எழுத்தை யாரும் படிப்பதில்லை. எல்லாத் திருத்தமும் ஒரே பிரதியில், சிவப்பு மையில். மூன்று பேர் மூன்று பிடிஎஃப்பில் திருத்தினால் ஒருவர் சரிசெய்ததை இன்னொருவர் பழையபடி ஆக்கிவிடுவார். மூன்று சுற்றோடு நிறுத்துங்கள். தாளாளரின் வாழ்த்துச் செய்தி எப்படியும் கடைசியில்தான் வரும். அதற்கு ஒரு பக்கம் காலியாக இருக்கட்டும், வராவிட்டால் போட ஒரு ஓவியம் தயாராக இருக்கட்டும்.

திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை அச்சகங்களில் நவம்பர், டிசம்பரில் காலண்டரும் டைரியும் ஓடும்; தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை. ஜனவரி கடைசியில் ஆண்டு விழா என்றால் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே கோப்பைக் கொடுத்துவிட வேண்டும். பக்க எண்ணிக்கை 16-இன் மடங்காக இருந்தால் ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கத் தொகுதி) கணக்கு வீணில்லாமல் உட்காரும். குறைந்தது 4-இன் மடங்காவது இருக்க வேண்டும். 64 பக்கம், 130 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) ஆர்ட் பேப்பர், 300 ஜிஎஸ்எம் அட்டை என்றால் நடுமடிப்பில் குத்தும் சென்டர் பின்னே தாங்கும், புத்தகமும் நன்றாக விரியும். முதுகில் பசை போட்டு ஒட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங் என்றால் உள்ஓரத்தில் யார் முகமும் வராமல் பாருங்கள், மடிப்புக்குள் போய்விடும். உரை எழுத்து முழுவதும் தனிக் கறுப்பில் மட்டும் இருக்கட்டும். பிளேட் (அச்சுத் தகடு) போட்ட பிறகு ஒரு பெயர் தப்பென்று தெரிந்தால் அந்தப் பக்கத்தின் கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். நான்கு வண்ணக் கலவையில் எழுத்து இருந்தால் நான்கையும் மாற்ற வேண்டும்.

கட்டுகள் வந்து இறங்கியதும் விநியோகத்தைத் தொடங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் இரண்டு பிரதி எடுத்துப் பக்க எண்ணை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். ஒரே ஃபாரம் இரண்டு முறை ஏறி இன்னொன்று விடுபட்டிருக்கலாம்; அப்படி இருந்தால் அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கி வைத்து அன்றே அச்சகத்துக்குச் சொல்லுங்கள்.