பொள்ளாச்சி மார்க்‌ஷீட்டை பாலக்காட்டுல ஏத்துக்க வெச்ச அனுபவம்

நாங்க கொழிஞ்சாம்பாறை பக்கம். ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் கேரளா, ஆனா அக்கா பொண்ணு படிச்சது பொள்ளாச்சில, அதனால பிளஸ் டூ மார்க்‌ஷீட் தமிழ்நாட்டுது. பாலக்காட்டுல ஒரு கோர்ஸ்க்கு அப்ளை பண்ணப்ப ஒரிஜினல் வேற காலேஜ்ல மாட்டிக்கிச்சு, டிஜிலாக்கர்ல (சான்றிதழ்களை ஆன்லைன்ல வெச்சுக்கிற அரசாங்க ஆப்) இருந்த பிடிஎஃப்ப அனுப்பினோம்.

அங்க கம்ப்யூட்டர்ல திறந்தா கையெழுத்து மேல மஞ்சள் கேள்விக்குறி, "வேலிடிட்டி அன்நோன்"னு. இது பற்றில்ல மோளே, ஒரிஜினல் வேணும்னுட்டாங்க. கேள்விக்குறி வந்தா போலின்னு அர்த்தம் இல்லைங்க, நம்ம நாட்டு டிஜிட்டல் கையெழுத்துக்கெல்லாம் மேல இருக்கிற சிசிஏ (கையெழுத்து கொடுக்கிற கம்பெனிகளுக்கு லைசென்ஸ் தர்ற அரசு அமைப்பு) ரூட் சர்டிஃபிகேட்டை அந்த கம்ப்யூட்டர் நம்புற லிஸ்ட்ல சேர்க்கல, அவ்வளவுதான். டிஜிலாக்கர்ல "இஷ்யூட்"ல வர்ற டாக்குமெண்ட் ஒரிஜினலுக்குச் சமம்னு டிஜிட்டல் லாக்கருக்கான 2016 ஐடி விதிகள்ல 9ஏ-ன்னு ஒரு விதி இருக்கு (நாமளே ஸ்கேன் பண்ணி ஏத்துறதுக்கு அது பொருந்தாது, இதை நிறைய பேரு குழப்பிக்கிறாங்க). அந்த விதியை பிரிண்ட் எடுத்துட்டுப் போய் மேல இருந்த மேடத்துக்கிட்ட காட்டி, டிஜிலாக்கர் ஆப்லயே க்யூஆர் ஸ்கேன் பண்ணச் சொன்னோம், வந்துச்சு, ஒத்துக்கிட்டாங்க.

எனக்கு ஆதங்கம் என்னன்னா, எந்த ஊரு சான்றிதழையும் எங்க வேணாலும் உடனே செக் பண்றது முடியாத காரியமே இல்ல. கோவின் தடுப்பூசி சர்டிஃபிகேட் டபிள்யூ3சி (வெப்புக்கு ஸ்டாண்டர்ட் போடுற சர்வதேச அமைப்பு) 2019ல வெளியிட்ட வெரிஃபையபிள் கிரெடென்ஷியல், அதாவது கம்ப்யூட்டரே சரிபார்க்கிற மாதிரியான டிஜிட்டல் சான்று ஸ்டாண்டர்டுல வந்ததுதான், க்யூஆருக்குள்ளயே கையெழுத்தும் இருந்துச்சு, பொது சாவி (கையெழுத்தைச் சரிபார்க்க எல்லாருக்கும் கொடுக்கிற பப்ளிக் கீ) கையில இருந்தா யாரு வேணாலும் செக் பண்ணலாம், கொடுத்த ஆபீஸுக்கு போன் போட வேண்டாம். மார்க்‌ஷீட், சாதிச் சான்று, லைசென்ஸ் எல்லாம் அப்படி வந்தா வாளையாருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு என்ன இருக்கு? ஆனா ஃபார்மட் மட்டும் ஒண்ணா இருந்தா பத்தாது, யாரு கையெழுத்தை நம்பலாம்ங்கிற லிஸ்டும் பொதுவா இருக்கணும். ஐரோப்பாவுல ஒவ்வொரு நாடும் அந்த மாதிரி லிஸ்ட் வெளியிடுது, 2026 முடியறதுக்குள்ள ஒவ்வொரு நாடும் சான்றிதழ்களை வெச்சுக்கிற டிஜிட்டல் வாலட் கொடுக்கணும்னு சட்டமே போட்டிருக்காங்க.

இத்தனைக்கு அப்புறமும் பேருல இடிச்சுது. மார்க்‌ஷீட்ல இனிஷியல், ஆதார்ல அப்பா பேரு முழுசா. எந்த க்யூஆரும் இதுக்கு உதவாது. அக்ஷயா சென்டர்ல (கேரளாவுல இ-சேவை மையம் மாதிரி) போய் "ஒன் அண்ட் தி சேம்" சர்டிஃபிகேட்டுக்கு, அதாவது ரெண்டு பேரும் ஒரே ஆளோடதுதான்னு சொல்ற சான்றுக்கு, அப்ளை பண்ணி, வில்லேஜ் ஆபீஸ்ல வாங்கிக் கொடுத்த பிறகுதான் அட்மிஷன் போட்டாங்க. எல்லை தாண்டி பிள்ளைங்கள படிக்க வைக்கிறவங்க, ரிசல்ட் வந்த உடனே இதுக்கு அப்ளை பண்ணிடுங்க, அட்மிஷன் நேரத்துல அக்ஷயால நிக்க இடம் இருக்காது.