கட்டை போடுகிற வேலை

பதிமூன்று வயதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, லாரிக்குக் கட்டை போடுவது. 1988 கோடை விடுமுறை. அப்பா பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு டாடா 1210 ஓட்டிக்கொண்டிருந்தார். ஏறும்போது எஸ்டேட்டுகளுக்கு உரமும் அரிசியும், இறங்கும்போது தேயிலைப் பெட்டிகள். அந்த மாதம் கிளீனர் வரவில்லை, என்னை ஏற்றிக்கொண்டார்.

ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பவர் ஸ்டீயரிங் இல்லாத லோடு லாரி பல வளைவுகளில் ஒரே ஒடியில் திரும்பாது. பாதி திருப்பி, கொஞ்சம் பின்னால் விட்டு, மறுபடி ஒடிக்க வேண்டும். அந்த நேரத்தில் கிளீனர் குதித்து ஓடி, பின் சக்கரத்துக்குப் பின்னால் முக்கோணக் கட்டையை வைக்க வேண்டும். வண்டி அதில் வந்து சாய்ந்து நிற்கும். முன்னால் நகர்ந்ததும் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடி ஏற வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் கேபினிலிருந்து ஒரே சத்தம்தான் வரும்: "கையப் பாத்துரா!" அந்த ஒரு மாதத்தில் அவர் என்னோடு பேசியதில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு நானும் டிரைவரானேன், லாரிக்கு இல்லை, டூரிஸ்ட் வேனுக்கு. லோடு வாய் திறக்காது. வேனில் ஏறுகிற பதினாலு பேருக்கும் வண்டி ஓட்டுவதைப் பற்றி அபிப்பிராயம் இருக்கும். மலையில் இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் உறுமும். "ஏன் டிரைவர், வண்டியில பிரேக்கே இல்லையா, இப்படிக் கத்துது?" என்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பழநியில் இருக்க வேண்டும் என்பார்கள். முதலாளி ஒரு பக்கம் மைலேஜ் கணக்குப் பார்ப்பார். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக என் இடது கை இரண்டாவதை மறந்து மூன்றாவதுக்குப் பழகிவிட்டது. கையில் இருந்த தொழில் போனது எனக்கே தெரியவில்லை.

2019 மே மாதம் ஒரு புக்கிங் கடைசி நேரத்தில் ரத்தானது. "டீசலை நீ போட்டுக்கோ, வீட்டு ஆளுகளக் கூட்டிட்டுப் போய்ட்டு வா" என்றார் முதலாளி. இருபது வருஷம் ஊரார் குடும்பத்தையெல்லாம் சுற்றிக் காட்டியவன், என் குடும்பத்தை ஏற்றியது அன்றுதான். எங்கே போகலாம் என்று கேட்டதற்கு, யாரும் எதிர்பார்க்காமல் அப்பா, "வால்பாறை" என்றார்.

ஏறும்போது நல்லபடியாகத்தான் போனது. அப்பா முன் சீட்டில். எந்த வளைவில் எந்த லாரி கவிழ்ந்தது என்று பேத்திக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். (சுற்றுலா வழிகாட்டியாக அவரை வேலைக்கு வைக்க முடியாது.) அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

இறங்கும்போதுதான் வினை. நான் மூன்றாவதில் இறங்கினேன். பாதிக்கு மேல் வளைவுகள் முடிந்திருக்கும். அப்பா பேச்சை நிறுத்திவிட்டு மூக்கைச் சுருக்கினார்.

"ரெண்டாவது போடு."

"பரவால்லீங்கப்பா."

"ஏறுன கியர்லதான் இறங்கோணும். பிரேக் லைனிங் வாசம் வருது."

"இது உங்க 1210 இல்லீங்கப்பா. பவர் பிரேக்."

பின் சீட்டில் எல்லாரும் கேட்க நான் அதைச் சொன்னேன். சொன்ன தொனியும் சரியில்லை. அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மூன்று வளைவுகள் வீம்பில் ஓடின. பிரேக் பெடல் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் அதிகமாகக் கீழே போவது என் காலுக்குத் தெரிந்தது. பவர் என்பது காலுக்குத்தான் உதவும், சூடான லைனிங்குக்கு அது ஒன்றும் செய்யாது. பிடிப்பு விட்டுப்போகும். இன்னும் சூடேறினால் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை.

கீழிருந்து ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. ஆழியாறு அணை முழுதாகத் தெரிகிற இடம். வேகமாக இரண்டாவதைப் போட்டு, கைப் பிரேக்கையும் இழுத்து ஓரத்தில் நிறுத்தினேன். "போட்டோ எடுக்கறவங்க எடுத்துக்கலாம்" என்றேன். குரல் எனக்கே சகிக்கவில்லை. சக்கரத்தில் புகை. என் மனைவி போட்டோ எடுக்கவில்லை, என்னையே பார்த்தாள்.

பக்கத்துக் காரிலிருந்து ஒரு பையன் உதவுவதாக நினைத்துத் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "சூட்டுல தண்ணி பட்டா இரும்பு வெடிச்சிருங் கண்ணு. தானா ஆறட்டும்." என்னிடம் அவர் பேசவில்லை. ரோட்டோரம் தேடி ஒரு கல்லைத் தூக்கி வந்தார். எழுபத்து நாலு வயது. மூட்டு வலிக்காரர், சம்மணம் போட்டு உட்கார்ந்து வருஷங்கள் ஆயிற்று. குனிந்து, முன் சக்கரத்துக்கு முன்னால் அதை வைத்து, காலால் தட்டி இறுக்கினார்.

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கனுங்கப்பா."

"அதும் அதே லைனிங்லதான புடிக்குது."

முக்கால் மணி நேரம் நின்றோம். அம்மா கட்டிவந்த புளிசாதம் அங்கேயே தீர்ந்தது. அப்பா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அணையைப் பார்த்தபடி சாப்பிட்டார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. "பெடல் கீழ போச்சுங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். "தெரியும், உன் முழங்கால் சொல்லுச்சு" என்றார்.

எல்லாரும் ஏறிய பிறகும் அவர் ஏறவில்லை. நான் பெடலை இரண்டு முறை மிதித்துப் பார்த்து, ரிவர்ஸ் போட்டு வண்டியை ஒரு சாண் பின்னால் எடுத்தேன். அவர் குனிந்து கல்லைத் தொட்டார். கண்ணாடிக்கு மேலே அவர் தலை தெரியவில்லை, வெள்ளை வேட்டியின் ஓரம் மட்டும் தெரிந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னையறியாமல் கத்தினேன்:

"கையப் பாத்துங்கப்பா!"

கல்லைப் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கச் சாக்கடையில் தள்ளிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே வந்து ஏறினார்.

"ரெண்டாவதுல போ" என்றார்.

மீதி வளைவுகளை இன்ஜின் உறுமிக்கொண்டே இறங்கியது. டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவன் தூங்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஐந்தாவது வளைவில் திரும்பிப் பார்த்தேன், தூங்கியிருந்தார்.