ஆத்தங்குடிப் பூக்கல்லும் எழாத காலும்

நடுக்குவாதம் என்றதும் கை நடுங்குவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நோயாளியின் வீட்டுக்குள் நின்று பார்த்தால்தான் தெரியும், கையைவிடக் காலால் அவர்கள் படும் பாடு அதிகம். நன்றாக நடந்து வருகிறவர் நிலைவாசலை நெருங்கியதும் சட்டென்று நின்றுவிடுவார். கால் எழாது. ஆனால் உடம்பு முன்னே போகப் பார்க்கும். பெரும்பாலும் விழுவது அந்த நேரத்தில்தான். "பசை போட்டு ஒட்டின மாதிரி இருக்கு தம்பி" என்பார்கள். வேறு வேறு ஊர், வேறு வேறு வீடு, ஆனால் சொல்வது ஏறக்குறைய இதே வார்த்தைகள்.

நான் பிசியோதெரபிஸ்ட். காரைக்குடியைச் சுற்றி வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், சில நாள் தேவகோட்டை வரைக்கும் போவேன். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் பெரிய வீட்டில் வயதான இரண்டு பேர், கூடமாட உதவிக்கு ஒரு ஆள், அவ்வளவுதான் இருப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. முகப்பிலிருந்து வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் நிலைகள் வரிசையாக நிற்கும். நடுக்குவாதக்காரருக்கு ஒவ்வொரு நிலையும் ஒரு சோதனை. காலையில் முகப்பிலிருந்து அடுப்படிக்குப் போய்க் காபி குடிப்பதற்குள் சிலர் களைத்துவிடுவார்கள்.

இந்த நோயை 1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விரிவாக எழுதி வைத்தார். அதனால்தான் மருத்துவர்கள் பார்க்கின்சன் நோய் என்கிறார்கள். நடுமூளையில் கறுப்பாகத் தெரிகிற சிறு பகுதி ஒன்று உண்டு. டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அங்கே இருக்கின்றன. அவை மெல்ல மெல்ல அழிவதுதான் நோய். நாம் நடக்கும்போது எந்தக் காலை எப்போது எடுத்து வைப்பது என்று யோசிப்பதில்லை. பேசிக்கொண்டே நடக்கிறோம், போன் பார்த்துக்கொண்டே நடக்கிறோம். அந்த யோசிக்காத நடையைக் கவனித்துக்கொள்ளும் மூளைப் பகுதிகளுக்கு டோபமைன் வேண்டும். அது குறைந்தால் நடை நம் பொறுப்பாகிவிடுகிறது. அடியெடுத்து வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்க வேண்டியிருக்கிறது. குறுகலான வாசல், திரும்ப வேண்டிய மூலை, யாராவது அவசரப்படுத்துவது, மாத்திரையின் வேகம் குறைகிற நேரம், இவை எல்லாம் சேர்ந்தால் நடை அப்படியே நின்றுவிடும்.

இதில் என்னை இன்றுவரை வியக்க வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. வெறும் தரையில் அடியெடுக்க முடியாமல் நிற்கும் அதே மனிதர் மாடிப்படியை மளமளவென்று ஏறிவிடுவார். காலில் பலம் இருக்கிறது, மூட்டும் நன்றாக இருக்கிறது. படி என்பது கண்ணுக்குத் தெரியும் இலக்கு. "இங்கே வை" என்று அது சொல்கிறது. வெறும் தரை எதுவும் சொல்வதில்லை.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு ஐயாவுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ரங்கூன் கதைகளைக் கேட்டே வளர்ந்தவர், நன்றாகப் பேசுவார். அவர் வீட்டு முகப்பில் பழைய வெள்ளைப் பளிங்கு, ஒரு கோடுகூடக் கிடையாது. அங்கே தடுமாறித் தடுமாறி நிற்பார். வளவில் முற்றத்தைச் சுற்றி ஓடும் பத்தியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக ஆத்தங்குடிக் கல், அதாவது ஆத்தங்குடியில் கையால் செய்யும் சிமெண்ட் தரை ஓடு. அங்கே வந்ததும் நடை மாறிவிடும். கை வீச்சுகூடக் கொஞ்சம் திரும்பிவிடும். ஆச்சி அதை எனக்கு முன்பே கவனித்திருந்தார். "கட்டத்தப் பாத்தா ஐயாவுக்குக் கால் வருது" என்றார். அவரைவிடத் தெளிவாக இதை விளக்கியவர்களை நான் பார்த்ததில்லை.

ஜேம்ஸ் பர்டன் மார்ட்டின் என்ற நரம்பியல் மருத்துவர் இதைத்தான் 1967-ல் எழுதினார். நடக்கும் திசைக்குக் குறுக்கே, ஓர் அடி வைக்கும் தூரத்துக்கு ஒன்றாக, தரையிலிருந்து பளிச்சென்று வேறுபட்டுத் தெரியும் கோடுகள் போட்டால் நடுக்குவாதக்காரர்களின் நடை சீராகிறது என்று கண்டார். நடக்கும் திசையிலேயே நீளமாக ஓடும் கோடுகளால் அந்தப் பலன் இல்லை. காரணம் இப்போது ஓரளவு புரிந்திருக்கிறது. தானாக எழும் அசைவுக்கு மூளையில் ஒரு வழி, கண்ணாலும் காதாலும் வரும் குறிப்பைப் பிடித்து எழும் அசைவுக்கு இன்னொரு வழி. முதல் வழி அடைபட்டாலும் இரண்டாவது பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. தரையில் கிடக்கும் கோடு அந்த இரண்டாவது வழியைத் தட்டி எழுப்புகிறது.

அதன்பிறகு ஒரு வீட்டுக்குள் போனால் காலைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்க்கிறேன்.

ஆத்தங்குடியில் கல் செய்வதைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். துடைத்த கண்ணாடித் தட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூவேலை அச்சை வைப்பார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் குழைத்த வண்ணச் சிமெண்டை அகப்பையால் ஊற்றி, கை நடுங்காமல் அச்சை மேலே தூக்கிவிடுவார்கள். அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த கலவை, பிறகு ஈரக் கலவை, கரணையால் ஒரு தேய்ப்பு. சூளை கிடையாது. தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுத்தால் கண்ணாடி தானாகக் கழன்றுவரும். கண்ணாடி பட்ட பக்கம்தான் மேல்பக்கம். அந்தப் பளபளப்பு அப்படி வந்தது. பத்தங்குலக் கல் என்றால் இரண்டு கல் சேர்ந்து இருபது அங்குலம், ஏறத்தாழ 50 செ.மீ. வயதானவர் ஒருவர் நிதானமாக வைக்கும் ஓர் அடிக்கு அது அநேகமாகச் சரியாக இருக்கும். "ஒரு கல்ல விட்டு அடுத்த கல்லுல வைங்கய்யா" என்றால் போதும், வேறு பாடம் தேவையில்லை.

எல்லாப் பூக்கல்லும் உதவாது. கொடியும் பூவும் நெருக்கமாக ஓடும் தரையில் கண் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறுகிறது. மூலைவிட்டமாகச் சாய்த்துப் பதித்த தரையும் நான் பார்த்தவரை அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. மறதி நோய் உள்ளவர்களுக்கோ கதையே வேறு. அவர்களில் சிலருக்குக் கறுப்புக் கட்டம் பள்ளமாகத் தெரியும். கால் வைக்கப் பயந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவரை நடக்க வைக்கும் தரை இன்னொருவரை மிரள வைக்கிறது. ஆகவே எந்த நோய், எந்தத் தரை என்று சேர்த்துப் பார்க்காமல் நான் யாருக்கும் எதையும் சொல்வதில்லை.

கண் செய்வதைக் காதும் செய்யும். சீரான தாளம் கேட்டால் நடுக்குவாதக்காரரின் அடி நீளமாகிறது என்று 1996-ல் மைக்கேல் தாவ்ட் குழுவினர் காட்டினார்கள். மெட்ரோனோம் செயலியைப் போனில் போட்டு டக் டக் என்று ஓடவிடலாம், பலன் உண்டு. ஆனால் இந்தப் பக்கம் அதற்கு முன்பே ஒரு தாளம் இருக்கிறது. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தே போகிறது. பல வருஷம் அந்த நடை நடந்தவர்களுக்கு வழிநடைப் பாட்டு வாயில் அப்படியே நிற்கிறது. நிலைவாசலில் நின்றுபோனால் "பழனி நடையை நினைச்சுக்குங்க, பாடிக்கிட்டே வாங்க" என்பேன். முதல் அடி பாட்டின் முதல் அழுத்தத்தில் எழுந்துவிடும். மெட்ரோனோமில் வராத சந்தோஷம் ஒன்று அவர்கள் முகத்தில் வரும். சிகிச்சையில் அதையும் ஒரு கணக்காகத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.

சைக்கிள் விஷயம் இன்னும் ஆச்சரியம். 2010-ல் நெதர்லாந்து மருத்துவர்கள் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். வயது 58, பத்து வருஷமாக நோய். நாலடி நடந்தால் விழுந்துவிடுவார். சைக்கிளில் ஏற்றிவிட்டால் எந்தத் தடையும் இல்லாமல் ஓட்டி, வளைந்து திரும்பி வருவார். இறங்கியதும் மறுபடி கால் உறைந்துவிடும். பெடலின் சுழற்சியே காலுக்குக் குறிப்பு கொடுக்கிறது என்பது ஒரு விளக்கம். ரோட்டில் ஓட்டச் சொல்லி நான் யாரையும் தூண்டுவதில்லை, ஏறி இறங்குவதில் ஆபத்து இருக்கிறது. வீட்டுக்குள் அசையாமல் நிற்கும் பயிற்சி சைக்கிள் இருந்தால் நல்லது.

நடுக்குவாதத்தில் அடி சிறுத்துப் போவதைக் குடும்பத்தாருக்கு விளக்குவதுதான் கஷ்டம். "கால நீட்டி வைக்கச் சொன்னா வைக்க மாட்டேங்கிறாரு" என்று ஆச்சிகள் குறைப்படுவார்கள். அவர் வேண்டுமென்று செய்வதில்லை. தான் வைக்கும் அடி சரியான நீளம்தான் என்று அவர் மூளை அவரிடம் சொல்கிறது. குரலும் அப்படித்தான். வழக்கம்போல் பேசுவதாக அவர் நினைப்பார், கேட்பவருக்கு முணுமுணுப்பாக இருக்கும். இதைச் சொல்லும்போது நான் சகாரா எறும்பைக் கூப்பிட்டுக்கொள்வேன். அந்தப் பாலைவனத்தில் ஓர் எறும்பு இனம் தான் நடந்த அடிகளைக் கொண்டு வீட்டுக்கான தூரத்தை அளக்கிறது. 2006-ல் விட்லிங்கர், வேனர், வோல்ஃப் ஆகிய மூவரும் இதைச் சோதித்தார்கள். புற்றிலிருந்து 10 மீட்டர் நடந்து இரை இருக்கும் இடத்துக்கு வந்த எறும்புகளில் சிலவற்றின் காலில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் கட்டினார்கள். சிலவற்றின் காலைக் குட்டையாக்கினார்கள். திரும்பும்போது பொய்க்கால் எறும்புகள் புற்றைத் தாண்டி 15 மீட்டர் வரை போய்த் தேடின. குட்டைக்கால் எறும்புகள் 6 மீட்டரைத் தொடுவதற்குள் நின்று தேட ஆரம்பித்தன. கணக்கில் பிழை இல்லை, அடியின் அளவுதான் மாறிவிட்டது. அது அந்த எறும்புக்குத் தெரியாது.

இதைக் கேட்டபிறகு குறைப்படுவது குறைகிறது. ஒரு வீட்டில் விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி "ஐயாவுக்கும் எறும்புக்கும் யாராவது அடியளவச் சொல்லணும், அவ்வளவுதானே" என்று கேட்டாள். அவ்வளவுதான். பயிற்சியின் பெரும்பகுதி அதுதான். மிகையாகத் தோன்றும் அளவுக்கு அடியை நீட்டி வைக்கச் சொல்லி, அதுதான் சரியான அளவு என்று மறுபடி மறுபடி பழக்குகிறோம்.

மூளைக்குக் கண் கொடுக்கும் தகவல் எவ்வளவு பெரியது என்பதற்குக் கண்ணாடியும் சாட்சி. சர்க்கரை நோயால் காலை எடுத்தவர்கள் இந்தப் பக்கமும் நிறைய. இல்லாத காலில் வலிக்கிறது, பெருவிரல் மடங்கி இழுக்கிறது என்பார்கள். வீட்டார் பயந்துபோய் வேறு எதையோ நினைப்பார்கள். வலி உண்மையானது. மூளையின் வரைபடத்தில் அந்தக் கால் இன்னும் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துப் பின்னாளில் அமெரிக்காவில் ஆய்வு செய்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இதற்கு எளிய வழி ஒன்று கண்டார். நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் உறுப்பின் பிம்பம் இல்லாத உறுப்பின் இடத்தில் தெரியும்படி வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே அசைக்கச் சொன்னார். சிலருக்கு மடங்கிய விரல் விரிந்துவிட்டது. எல்லாருக்கும் பலிப்பதில்லை. பலிக்கிறவர் கண்ணீர் விடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். காரைக்குடிக் கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கிய ஒரு நீளக் கண்ணாடி அதற்காகவே என்னிடம் இருக்கிறது.

பிள்ளைகள் பெற்றோரைச் சென்னைக்குக் கூட்டிப்போக நினைப்பதில் தப்பில்லை. தனியாக விட முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் இடம் மாறுவதை மூளை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. புது இடத்தில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருக்கிறது என்று பிரவுன் பல்கலைக்கழகத்தார் 2016-ல் கண்டார்கள். கூட்டத்தின் ஓரத்தில் உறங்கும் வாத்து வெளிப்பக்கத்துக் கண்ணைத் திறந்துவைத்துப் பாதி மூளையால் காவல் காக்கும் என்று 1999-லேயே தெரிந்திருந்தது. நமக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடியில், 1977-ல் சரணாலயமான அந்தக் கண்மாய்களில் தங்கும் பறவைகள் மிரளக் கூடாதென்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. உறங்கும் உயிருக்கு அந்த மரியாதை தர அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. வயதானவர் புது வீட்டில் முதல் சில இரவுகள் தூங்காமல் உட்கார்ந்திருந்தால் "எல்லா வசதியும் இருக்கே, இன்னும் என்ன" என்று கேட்காதீர்கள்.

அந்தப் புது வீட்டில் தரை பெரும்பாலும் ஒரே நிறத்தில், கோடு தெரியாத பெரிய டைல்ஸாக இருக்கிறது. சொந்த ஊரிலேயே ஆத்தங்குடிக் கல்லின் மேல் வெள்ளை டைல்ஸ் ஒட்டுகிறவர்களும் உண்டு. வீட்டில் நடுக்குவாதம் உள்ளவர் இருந்தால் தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். ஏற்கெனவே செய்திருந்தால் டேப் ஒட்டுங்கள். பார்சல் டேப் வழுக்கும், சொரசொரப்பான துணி டேப் நல்லது. தரையோடு கலக்காத நிறம் வேண்டும். வெள்ளைத் தரைக்கு அடர்நீலமோ சிவப்போ எடுக்கலாம். நடக்கும் திசைக்குக் குறுக்கே, இரண்டு அங்குல அகலத்துக்கு ஒட்டுங்கள். இடைவெளியை அவர் நன்றாக நடக்கும் நேரத்தில் வைக்கும் அடியைப் பார்த்து அளந்துகொள்ளுங்கள். வாசலுக்கு முன் மட்டும் ஒட்டி நிறுத்தினால் வாசலிலேயே நின்றுவிடுவார், தாண்டியும் இரண்டு கோடு வேண்டும். ஓரம் கிளம்பினால் உடனே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே தடுக்கிவிடும்.

பள்ளத்தூர் ஐயா இப்போது சென்னை மடிப்பாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். கூடத்திலிருந்து சாப்பாட்டு மேசை வரை மருமகள் நீல டேப் ஒட்டி, வீடியோ அனுப்பியிருந்தார். கூடத்தில் நடை நன்றாக இருக்கிறது. குளியலறை வாசலில் மட்டும் இன்னும் நின்றுவிடுகிறார், அங்கே ஈரத்தில் டேப் நிற்கவில்லை. வாசலுக்கு இரண்டு பக்கமும் கொஞ்ச இடத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாக ஆத்தங்குடிக் கல்லே பதித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். ஈரக் காலுக்கு அந்தப் பளபளப்பு வழுக்கும். வேண்டாம், சொரசொரப்பான கல்லில் இரண்டு நிறம் பார்த்து வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.