நெத்தலிக்கு பிஸ்கட் கொடுத்தது யார்?

நெத்தலி எங்கள் வீட்டுக்கு இரண்டு மாத நாய்க்குட்டியாக வந்தாள். அவ்வளவு மெலிவு, பெயரும் அதனால்தான். முதலில் வாயே திறக்கமாட்டாள், ஊமைக் குட்டியோ என்று அப்பா கவலைப்பட்டார். நாலாம் மாதம் தொடங்கியது பாருங்கள், விடியப் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற ஓட்டோ வந்தால் குலைப்பு, மீன்காரர் ஹோர்ன் அடித்தால் குலைப்பு, பக்கத்து வீட்டுப் படலை கிறீச்சிட்டால் குலைப்பு. எல்லாவற்றையும் விட மான்.

திருகோணமலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் விளங்காது. பிரெட்ரிக் கோட்டைப் புள்ளிமான்கள் கோட்டைக்குள்ளேயே இருப்பதில்லை, டச்சுக் குடாப் பக்கம், பஸ் நிலையப் பக்கம் என்று ஊர்மாடு மாதிரி உலாவி, குப்பைப் பையையும் கிளறும். எங்கள் படலைக்கு வெளியே ஒரு கொம்பன் பப்பாளித் தோலை மென்றுகொண்டு நிற்கும், உள்ளே இவள் தொண்டை கிழியக் கத்துவாள், அது காதைக்கூட அசைக்காது. பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் மதிலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, உங்கட நாய்க்கு வயித்துக்குத்தா?" என்று கேட்டார். அக்கறை மாதிரித்தான் இருந்தது, ஆனால் கண் இரண்டும் நித்திரையில்லாமல் சிவந்து கிடந்தது.

நாங்கள் என்ன செய்தோம்? திருப்பிக் கத்தினோம். அப்பா விறாந்தையிலிருந்து "ஏய்!", அம்மா குசினியிலிருந்து "சத்தம் போடாதே!", அவளுக்கு அது ஏச்சாகவே படவில்லை, வீடே தன்னோடு சேர்ந்து குலைக்கிறது என்று உற்சாகமாகிவிட்டாள். கட்டிப் போடு என்றார்கள், இரண்டு நாள் கட்டினோம், இன்னும் மோசம். கிட்டப் போய் என்னவென்று பார்க்கவும் முடியாது, பயந்தால் விலகி ஓடவும் முடியாது, பிறகு குலைக்காமல் என்ன செய்யும்?

அப்புறம் ஒரு வாரம் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எப்போது, எதற்கு என்று எழுதி வைத்தேன். அப்போதுதான் பிடிபட்டது, குலைப்பு ஒரே மாதிரி இல்லை. படலையடியில் குலைப்பது விடாத கத்தல். பின்னேரம் தேத்தண்ணி நேரத்தில் அம்மா முன்னால் இருந்துகொண்டு குலைப்பது வேறு: ஒரு "வவ்", முகத்தைப் பார்ப்பு, இன்னொரு "வவ்". வாயை அடைக்க அம்மா ஒரு துண்டு பிஸ்கட் போடுவார். அதாவது குலைத்தால் பிஸ்கட் என்று எங்கள் வீட்டில் ஒருவர் தினமும் பாடம் நடத்தியிருக்கிறார். கேட்டால், "ஒரு துண்டுதானே!"

பிஸ்கட்டை நிறுத்தினோம். மூன்றாம் நாள் காது கிழிந்தது. ரிமோட் வேலை செய்யாவிட்டால் உடனே வைத்துவிடுகிறோமா, இன்னும் அழுத்திக் குத்துகிறோம்தானே, அதே கதை. அந்த நேரம் இரங்கிக் கொடுத்தால் "இவ்வளவு நேரம் கத்த வேண்டும் போல" என்றுதான் குட்டி படிக்கும், அதனால் அம்மாவைக் கையைப் பிடித்து நிறுத்தி வைத்தேன். ஆறாம் நாள் ஒரு பெருமூச்சு விட்டுக் காலடியில் படுத்தாள். அந்த அமைதிக்குக் கொடுத்தேன்.

படலைப் பிரச்சினைக்கு முதல் வைத்தியம் கிடுகு. கீழ்ப்பாதியை மறைத்துக் கட்டியதும் பாதிச் சத்தம் போய்விட்டது, தெரியாத மானுக்குக் குலைக்க முடியாதே. பாண் ஓட்டோப் பாட்டை போனில் பதிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற அளவு மெதுவாகப் போட்டு, குலைக்க முதலே உப்பில்லாமல் அவித்த சூரைத் துண்டு ஒன்று, சுண்டுவிரல் நகமளவு. சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட மூன்று வாரம் ஆனது. பேத்தோவன் 1810இல் பியானோவுக்கு எழுதிய மெட்டு அது, பாவம், இப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் அதைக் கேட்கப் பொறுமையில்லை.

கூடவே "போதும்" என்ற சொல். இரண்டு தரம் குலைக்கலாம், அது அவள் வேலை. பிறகு தாழ்ந்த குரலில் "போதும்", மூக்கடியில் மீன், மணந்துகொண்டே குலைக்க நாயால் முடியாது. இரண்டு விநாடி அமைதி என்றால் மீன், பிறகு ஐந்து, பிறகு பத்து. இன்னொன்று, குட்டிகள் நாளில் பதினெட்டு மணித்தியாலம் வரை தூங்கும். எங்கள் வீட்டில் பகலெல்லாம் யாராவது தூக்கிக் கொஞ்சியபடி இருந்தோம், பொழுதுபட வந்த குலைப்பில் பாதி தூக்கக் கலக்கம். மத்தியானம் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தியதும் அது தானாக அடங்கியது.

மான் விஷயம் முழுசாகச் சரிவரவில்லை. கொம்பன் வந்தால் கிடுகு இடுக்கால் பார்த்து "வவ், வவ்" என்றுவிட்டு மீனுக்கு என்னிடம் ஓடிவருகிறாள். சில நாள் போய்ப் பார்த்தால் வெளியே மானே இல்லை.

நேற்றுப் பின்னேரம் குசினியில் பிஸ்கட் டின் திறக்கும் சத்தம் கேட்டது. நெத்தலி மூச்சுக்கூட விடவில்லை. "இந்தா, குஞ்சு" என்று அம்மாவாகத்தான் கூப்பிட்டார்.